முகக் களிம்பும் மரபணுவின் மதகும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வாசகி ஒருவர், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய முகக் களிம்பைத் தொடர்ந்து பூசலாமா என்று கேட்டிருந்தார். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், பக்க விளைவுகள் வரும், தோல் மருத்துவரைப் பாருங்கள் என்று இரண்டு வரியில் பதில் வெளியாகியிருந்தது. பதிலில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு எவரும் கையிலுள்ள களிம்பைக் கீழே வைக்கப் போவதில்லை. பக்க விளைவு என்ற சொல்லை நம் மக்கள் தினமும் கேட்கிறார்கள். காய்ச்சல் மாத்திரைக்கும் அதே சொல், புற்றுநோய் மருந்துக்கும் அதே சொல். எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் எச்சரிக்கையை யாரும் தமக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் களிம்பு தோலின் உயிரணுவுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைத் தமிழில் எடுத்துச் சொன்னால் நம் வாசகர்கள் புரிந்துகொள்வார்கள் என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. அரசுக் கல்லூரி ஒன்றில் 31 ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

என்னை எழுதத் தூண்டியவள் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண். வயது 22. கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். தை மாதத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள். கார்த்திகையில் ஒரு மாலை, துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, தாயோடு என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கன்னங்களும் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தன. தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்து, அதனடியில் சிவப்பு நூலிழைகளாக ரத்த நுண்குழாய்கள் ஓடுவது குழல்விளக்கு வெளிச்சத்திலேயே தெரிந்தது. தாடையோரம் பூனைமுடி அடர்ந்திருந்தது. அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த களிம்புக் குழாய், தீர்ந்துபோகும் பற்பசைக் குழாயைப்போல அடியிலிருந்து கழுத்துவரை இறுகச் சுருட்டப்பட்டிருந்தது. எழுத்துகள் பாதி அழிந்திருந்ததால் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது. மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன் என்ற நிறம் வெளுக்கும் பொருள், டிரெட்டினாயின் என்ற வைட்டமின் 'ஏ' வழிப்பொருள், இந்த மூன்றும் கலந்த கலவை. மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, சுருட்டிய மடிப்புக்குள் மறைந்து கிடந்தது. சீட்டு எதுவும் இல்லாமல், கடையில் உடன் வேலை பார்க்கும் பெண் சொன்னாள் என்று வாங்கி, காலையும் இரவுமாக ஐந்து மாதம் பூசியிருக்கிறாள்.

"முதல் பதினஞ்சு நாள் முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு டீச்சர். அப்புறம்தான் இப்படிச் சிவக்க ஆரம்பிச்சுது. ரெண்டு நாள் போடாம விட்டா எரியுது, போட்டா அடங்கிடுது. அப்ப மருந்து நல்லதுதானே?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. எரிச்சலை அடக்குகிற பொருளை நல்லது என்று நினைப்பதுதான் இயல்பு. பக்க விளைவு என்ற சொல்லால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட முடியாது. மரபணுவிலிருந்து தொடங்கித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அன்று அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

நம் உடலின் ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும், ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆன, சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. தொகுதி, தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு பிரதிகளாக இருக்கிறது. அதில் புரதங்களுக்கான குறிப்புகளைத் தாங்கிய மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. கல்லீரல் உயிரணுவிலும் கன்னத்துத் தோலின் உயிரணுவிலும் இருப்பது ஒரே தொகுதிதான். ஆனாலும் கல்லீரல் கல்லீரலாக இருப்பதற்கும் தோல் தோலாக இருப்பதற்கும் காரணம், எந்த மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு படியெடுக்கப்படுகிறது, அதாவது புரதம் செய்வதற்காக ஆர்.என்.ஏ. நகலாக எடுக்கப்படுகிறது என்பதில் உள்ள வேறுபாடு. காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தாலும் எந்த வயலுக்குப் பாயும் என்பதை மதகுதானே முடிவு செய்கிறது? ஒவ்வொரு மரபணுவின் தலைமாட்டிலும் அப்படியொரு மதகு உண்டு. அதற்குப் பெயர் புரோமோட்டர்; தமிழில் ஊக்குவிப்பான் என்கிறோம்.

ஊக்குவிப்பான் என்பதும் டி.என்.ஏ. எழுத்துகளால் ஆன பகுதிதான். படியெடுப்பு தொடங்கும் இடத்தைச் சுற்றியும் அதற்குச் சற்று முன்னாலும் அது அமைந்திருக்கும். ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி, துணைப் புரதங்கள் பலவற்றோடு சேர்ந்து அங்கே வந்து அமர்ந்த பிறகுதான் மரபணுவைப் படியெடுக்கத் தொடங்கும். சில மரபணுக்களில், தொடங்கும் இடத்திலிருந்து 25 முதல் 30 எழுத்துகள் முன்னால், டி, ஏ, டி, ஏ என்று அடுத்தடுத்து வரும் ஒரு குறி இருக்கிறது. அந்த எழுத்துகளைச் சேர்த்து அதை டாட்டா பெட்டி என்பார்கள். மனிதரில் சிறுபான்மை மரபணுக்களுக்கே இது உண்டு. மற்றவற்றில் வேறு குறிகள் அந்த வேலையைச் செய்கின்றன. ஹீமோகுளோபினின் ஒரு பாகத்தை உண்டாக்கும் பீட்டா குளோபின் மரபணுவில் இந்தக் குறி இருக்கிறது. தொடங்கும் இடத்துக்கு 28 எழுத்துகள் முன்னால் உள்ள ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டாலும் பீட்டா தலசீமியா என்ற ரத்தசோகை நோய் வருகிறது. அந்த நோயாளியின் மரபணு வாசகத்தில் ஒரு பிழையும் இல்லை. புரதமும் சரியான புரதமே. மதகின் பலகை சற்றே இறங்கிவிட்டதால் வரத்து மட்டும் குறைந்துவிடுகிறது. மரபணு என்றால் அதன் வாசகம் மட்டுமே என்று எண்ணும் மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் இந்த எடுத்துக்காட்டைச் சொல்லிவந்தேன்.

ஊக்குவிப்பான் தனித்து நின்றால் பெரும்பாலும் ஒரு கசிவுதான் இருக்கும். முழு வரத்துக்கு வேறு சில டி.என்.ஏ. பகுதிகளின் உதவி தேவை. சில பக்கத்திலேயே இருக்கும். சில ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு அப்பால் இருந்து, இடையிலுள்ள டி.என்.ஏ. வளைந்து மடங்குவதால் ஊக்குவிப்பானின் அருகில் வந்து சேரும். இந்தப் பகுதிகளை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதங்கள்தான் மதகைத் திறக்கவும் மூடவும் செய்கின்றன. அவற்றை மதகு லஸ்கர்கள், அதாவது மதகைக் காக்கும் பாசனப் பணியாளர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். லஸ்கர் தன் விருப்பத்துக்குப் பலகையைத் தூக்குவதில்லை, மேலிருந்து உத்தரவு வர வேண்டும். உயிரணுக்களுக்கு அப்படி உத்தரவு கொண்டுவரும் பொருள்களில் முக்கியமானவை ஹார்மோன்கள்.

பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ ஆகிய இருவரும் 1961இல் மரபணுவுக்கு இப்படி ஓர் இயக்கமுறை உண்டு என்பதை ஈ. கோலை என்ற பாக்டீரியாவில் விளக்கினார்கள். லாக் ஓபரான் என்ற பெயரில் பிளஸ் டூ மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள், படம் வரைந்து மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஹார்மோன்களைப் பற்றிய பாடம் அதற்கு முந்தைய ஆண்டிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் ஒரு படத்தோடு நின்றுபோவதால், அந்தப் பாடத்துக்கும் வீட்டுக் கண்ணாடி முன் இருக்கும் களிம்புக்கும் தொடர்பு உண்டு என்று பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. என்னிடம் வந்த அந்தப் பெண்ணும் பிளஸ் டூவில் உயிரியல் படித்தவள்தான்.

ஹார்மோன் மரபணுவை எழுப்புவதைக் கண்ணாலேயே பார்க்க முடியும் என்றால் பலர் நம்பமாட்டார்கள். எங்கள் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் பார்த்தோம். தேங்கிய சாக்கடையின் ஓரச் சேற்றில் ரத்தச் சிவப்பு நிறத்தில் நெளியும் புழுக்களைக் கண்டிருப்பீர்கள். அவை கைரோனோமஸ் என்ற கடிக்காத கொசுவகைப் பூச்சியின் இளம்புழுக்கள். ஒரு புழுவைக் கண்ணாடித் தகட்டில் உப்புநீர்த் துளியில் வைத்து, இரண்டு ஊசிகளால் தலையை மெல்ல இழுத்தால், பளிங்கு போன்ற உமிழ்நீர்ச் சுரப்பிகள் கூடவே வெளியே வரும். அசிட்டோகார்மைன் சாயத்தில் ஊறவைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை வைத்து, ஒற்றுத்தாளை மடித்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அழுத்தம் குறைந்தால் எல்லாம் ஒரே குவியலாகத் தெரியும், கூடினால் சிதறிவிடும். சரியாக அமைந்தால், நுண்ணோக்கியில் வரிவரியாகப் பட்டை போட்ட தடித்த கயிறுகள் தெரியும். ஆயிரக்கணக்கான டி.என்.ஏ. இழைகள் பிரியாமல் அருகருகே ஒட்டி நிற்பதால் உண்டான ராட்சத குரோமோசோம்கள் அவை. பட்டைகளுக்கு நடுவே சில இடங்களில் மட்டும் குரோமோசோம் புடைத்து, பஞ்சு பிரித்ததுபோல விரிந்திருக்கும். அந்தப் புடைப்புகள்தான் அந்த நேரத்தில் படியெடுக்கப்பட்டுக்கொண்டிருந்த மரபணுக்கள். முதன்முறை அதைப் பார்க்கும் மாணவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்க மனமில்லாமல் நிற்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழப்பார்கள்.

ஜெர்மனியில் உல்ரிக் கிளெவரும் பீட்டர் கார்ல்சனும் 1960இல் செய்த சோதனை இதே பூச்சியினத்தில்தான் நடந்தது. பூச்சிகள் தோலுரித்து வளர்வதற்கான ஹார்மோன் எக்டைசோன். அதைப் பிரித்தெடுப்பதற்கே பெரும்பாடு பட்டார்கள். 1954இல் கார்ல்சனும் அடால்ஃப் புட்டெனாண்ட்டும் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து பெற்ற தூய ஹார்மோன் 25 மில்லிகிராம்தான். அந்த ஹார்மோனில் நுண்ணிய அளவைக் கைரோனோமஸ் புழுவின் உடலில் செலுத்தியபோது, அரை மணி நேரத்துக்குள் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் புதிய புடைப்பு எழுந்தது. அடுத்து இன்னோர் இடத்தில் எழுந்தது. தோலுரிக்கப் போகும் புழுவில் இயற்கையாக எந்த இடங்கள் எந்த வரிசையில் புடைக்குமோ அதே இடங்கள், அதே வரிசை. ஹார்மோனின் உத்தரவு மரபணுவரை போய்ச் சேருகிறது என்பதற்கு அன்று கிடைத்த சான்றுகளில் இதைவிடக் கண்கூடானது வேறு இல்லை என்பேன். இங்கே நான் வலியுறுத்த விரும்புவது ஒன்று. எக்டைசோன் ஒரு ஸ்டீராய்டு. களிம்புக் குழாயில் இருந்த மொமெட்டசோனும் ஸ்டீராய்டுதான்.

நம் உடலில் மொமெட்டசோன் வகையைச் சேர்ந்த இயற்கை ஹார்மோன் கார்ட்டிசால். சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பிபோல அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளில் அது சுரக்கிறது. ஒவ்வொரு நாளும் நாம் கண்விழிக்கும் நேரத்தையொட்டி உயர்ந்து, நள்ளிரவை நோக்கிக் குறைகிறது. இன்சுலின், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் உயிரணுவின் உறையைத் தாண்டி உள்ளே போவதில்லை. வாசலில் அவற்றைப் பற்றிக்கொள்ளவென்றே இருக்கும் ஏற்பி என்ற புரதத்தைத் தட்டிவிட்டு நின்றுகொள்ளும். செய்தி உள்ளே கைமாறிக் கைமாறிப் போகும். ஸ்டீராய்டுகள் கொழுப்பில் கரைபவை என்பதால் உறையை ஊடுருவி நேரே உள்ளே போய்விடுகின்றன. அங்கே துணைப் புரதங்களின் பிடியில் காத்திருக்கும் ஏற்பிப் புரதம் ஸ்டீராய்டைப் பற்றிக்கொண்டதும் வடிவம் மாறி, உட்கருவுக்குள் சென்று, இரண்டிரண்டாகச் சேர்ந்து டி.என்.ஏ.யில் ஒரு குறிப்பிட்ட 15 எழுத்து இடத்தைத் தேடி அமர்கிறது. ஏ, ஜி, ஏ, ஏ, சி, ஏ என்று ஆறு எழுத்து, நடுவில் ஏதேனும் மூன்று, பிறகு டி, ஜி, டி, டி, சி, டி என்று ஆறு. ஓர் இழையில் இந்தப் பக்கமிருந்து படித்தாலும் எதிர் இழையில் அந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒரே வாசகம் வரும். நம் விகடகவியை இரண்டு இழைகளில் எழுதியதுபோல. இரட்டையாக வரும் ஏற்பி இரண்டு பக்கமும் சமமாகப் பொருந்தி அமர்வதற்கே இந்த அமைப்பு. அமர்ந்த பின் வேறு புரதங்களை வரவழைத்து, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரத உருண்டைகளைத் தளர்த்தி, ஊக்குவிப்பானில் பாலிமரேஸ் அமர வழிவிடுகிறது. சில மரபணுக்களில் இதற்கு நேர்மாறாக, மதகை இறக்கியும் விடுகிறது.

இப்படிப்பட்ட ஏற்பிகள் உண்டு என்பது ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. 1950களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன், கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய எஸ்ட்ரடையால் என்ற பெண்மை ஹார்மோனை எலிகளுக்குக் கொடுத்து, கருப்பை போன்ற சில உறுப்புகள் மட்டும் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதைக் கண்டறிந்தார். 1985இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழுவினர் கார்ட்டிசால் ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். மனிதரில் இந்தக் குடும்பத்தில் 48 உறுப்பினர்கள் இருப்பது இன்று தெரியும். தைராய்டு ஹார்மோனுக்கும் வைட்டமின் 'டி'க்கும் வைட்டமின் 'ஏ' வழிப்பொருளுக்கும் உரிய ஏற்பிகள் இதே குடும்பம்தான். அந்தக் குழாயிலிருந்த மூன்று மருந்துகளில் இரண்டு, நேராக மரபணுக்களின் மதகில் கைவைப்பவை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். தோலில் வீக்கமும் அரிப்பும் சிவப்பும் உண்டாக்கும் புரதங்களின் மரபணுக்களை இயக்குவதில் என்.எஃப். கப்பா பி என்ற புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்டீராய்டைப் பற்றிய ஏற்பி அதன் கையைக் கட்டிவிடுகிறது. அதனால் தோல் அமைதியடைகிறது. தீவிரமான தோலழற்சிக்கு மருத்துவர்கள் இதைக் கொடுப்பதும் அந்தக் காரணத்துக்காகவே. கூடவே ரத்த நுண்குழாய்களும் சுருங்கித் தோல் வெளுக்கிறது. களிம்பின் வீரியத்தை அளப்பதற்கே, பூசிய இடம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்க்கும் சோதனை 1960களிலிருந்து வழக்கத்தில் இருக்கிறது. முதல் பதினைந்து நாளில் அவள் கண்ணாடியில் பார்த்த பளிச்சில் இந்த வெளுப்புக்கும் பெரும் பங்கு உண்டு. அதே ஏற்பி, அதே வேளையில், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தின் மரபணுவையும் அடக்குகிறது. தோலின் உயிரணுக்கள் பெருகுவதையும் தளர்த்துகிறது. மாதக்கணக்கில் கொலாஜன் வரத்துக் குறைந்த தோல் மெலிகிறது. மெலிந்த தோலின் வழியே குழாய்கள் தெரிகின்றன. களிம்பை நிறுத்தியதும், அடக்கிவைக்கப்பட்டிருந்த அழற்சி மரபணுக்கள் ஒருசேர விழித்துக்கொள்கின்றன. சுருங்கிக் கிடந்த குழாய்கள் முன்னைவிட விரிகின்றன. எரிகிறது. மறுபடி பூசினால் மறுபடி கை கட்டப்பட்டு எரிச்சல் அடங்குகிறது. அவளுக்கு நிம்மதி தந்த வேலையும் அவள் தோலை மெலியவைத்த வேலையும் ஒரே ஏற்பி செய்தவை என்பதால், இவற்றில் ஒன்றை விளைவு என்றும் மற்றொன்றைப் பக்க விளைவு என்றும் பிரித்துச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பு பூசுகிறவர்களுக்கும் இதே கதிதான். அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், தற்காப்பு ஓய்ந்துபோன தோலில் பூஞ்சை மட்டும் தடையின்றிப் பரவும்.

கன்னத்தில் கொலாஜனைக் குறைக்கும் அதே வகை ஏற்பி, கல்லீரல் உயிரணுவில் வேறு மரபணுக்களைத் தேடிப் போகிறது. டி.என்.ஏ.யில் எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது சுருட்டி மூடப்பட்டிருக்கிறது என்பது உறுப்புக்கு உறுப்பு மாறுவதே இதற்குக் காரணம். கல்லீரலில் சர்க்கரையைப் புதிதாக உண்டாக்கும் நொதிகளின் மரபணுக்கள் எழுப்பப்படுகின்றன. ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. இதன் இரண்டு முகங்களையும் நாம் கொரோனா காலத்தில் பார்த்தோம். 2020 ஜூனில் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வின்படி, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெற்றுக்கொண்டிருந்தவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. அந்த இரண்டாவது செய்தி பலர் காதில் விழவில்லை. 2021இன் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை நோய் நம் நாட்டைப் பிடித்து உலுக்கியதற்கு, கட்டுக்கடங்காத சர்க்கரை நோயோடு, தேவையில்லாமலும் அளவு மீறியும் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டும் முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது. கண்ணையும் மேல்தாடையையும் இழந்தவர்களை நாம் இவ்வளவு விரைவில் மறந்திருக்கக் கூடாது.

அதே வேளையில், என் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டை அச்சத்தில் தூக்கிப்போட்டுவிடக் கூடாது. இதை அழுத்தமாகச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. என் அக்கா முடக்குவாதத்துக்காக நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர். யாரோ பயமுறுத்தியதால் ஒரு நாள் தாமாகவே அடியோடு நிறுத்திவிட்டார். நான்காம் நாள் காலை பூஜையறை வாசலில் மயங்கிக் கிடந்தார். ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. இதற்கும் விளக்கம் ஊக்குவிப்பானில்தான் இருக்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, அட்ரீனலைத் தூண்டுவதற்கென்றே ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. ரத்தத்தில் ஸ்டீராய்டு போதிய அளவு இருந்தால், பிட்யூட்டரியின் உயிரணுக்களில் உள்ள ஏற்பி அதைப் பற்றிக்கொண்டு, அந்தத் தூண்டு ஹார்மோனுக்கான மரபணுவின் ஊக்குவிப்பானை அடக்கிவிடும். உடல் தன்னைத் தானே அளவோடு வைத்துக்கொள்ளும் அருமையான ஏற்பாடு இது. ஆனால் வெளியிலிருந்து மாதக்கணக்கில் மாத்திரை வந்துகொண்டே இருந்தால் அந்த மதகு மூடியே கிடக்கும். தூண்டுதல் இல்லாத அட்ரீனல் சுருங்கிப்போகும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தும் நாளில் உடலிடம் போதிய சொந்தக் கார்ட்டிசால் இருக்காது. படிப்படியாகக் குறைக்கும்படி மருத்துவர் சொல்வது, மதகு மறுபடி திறக்கவும் சுருங்கிய சுரப்பி தேறவும் அவகாசம் தருவதற்காகத்தான். வீரியமுள்ள களிம்பைப் பரந்த இடத்தில் நெடுநாள் பூசினாலும் இந்த அடக்கம் ஏற்படக்கூடும்.

ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் என்ற மருந்தை உறிஞ்சினால் சில நிமிடங்களில் மூச்சு விடுபடுகிறது. ஸ்டீராய்டு உறிஞ்சினால் அன்றைக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதனால் பலர் முன்னதை மட்டும் வைத்துக்கொண்டு பின்னதை விட்டுவிடுகிறார்கள். முன்னது, உயிரணுவில் ஏற்கெனவே தயாராக உள்ள புரதங்களை முடுக்குகிறது. பின்னது மரபணுவின் வழியாக வேலை செய்வது. படியெடுக்க வேண்டும், புரதம் உண்டாக வேண்டும், பழைய அழற்சிப் புரதங்கள் கரைந்து போக வேண்டும். அதற்கு மணிக்கணக்கும் நாள்கணக்கும் ஆகும். இந்தக் காரணம் தெரிந்தவர் பொறுமையாகத் தொடர்வார்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள்களை வைக்கிறேன். 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் அட்டவணையில் சேர்த்தது. விதி இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்க் கடைத்தெருவில், பழைய குழாயைக் காட்டினால் புதிய குழாய் கைக்கு வந்துவிடுகிறது. இதைப் பற்றித் தங்கள் நிருபர்கள் விரிவாக எழுத வேண்டும். குழாயின்மேல் ஆங்கிலத்தில் மட்டும் பொடியெழுத்தில் இருக்கும் எச்சரிக்கையைத் தமிழிலும் அச்சிடக் கோர வேண்டும். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃபுளூவோசினலோன் ஆகிய நான்கு பெயர்களையும் மருத்துவப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் வாரந்தோறும் வெளியிட வேண்டும். இவற்றில் எந்தப் பெயர் இருந்தாலும் அது உயிரணுவின் உட்கரு வரை சென்று மரபணுக்களின் படியெடுப்பை மாற்றும் மருந்து என்ற ஒரு வரியும் அதன் கீழ் இருக்கட்டும். முகப்பொலிவுக்கு என்று வரும் களிம்பு விளம்பரங்களை ஏற்கும் முன், உள்ளடக்கப் பட்டியலை வாங்கிப் பார்ப்பதையும் தாங்கள் வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

அந்தப் பெண்ணைத் தோல் மருத்துவர் ஒருவரிடம் நானே அழைத்துச் சென்றேன். வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றி, அதையும் வாரத்துக்கு வாரம் குறைத்து, பிறகு நிறுத்தினார்கள். நடுவில் மூன்று வாரம் இரவெல்லாம் முகம் எரிந்து, ஈரத்துணியைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளிவைத்தார்கள். எரிச்சல் இப்போது இல்லை, சிவப்பும் பாதி மங்கிவிட்டது, நூலிழைகள் மட்டும் இன்னும் தெரிகின்றன. சென்ற வாரம் வந்தவள், அந்த நான்கு பெயர்களையும் தமிழில் எழுதித் தரச் சொன்னாள். அவள் வேலை பார்க்கும் கடையில் இன்னும் ஆறு பேர் அதே குழாயைப் பயன்படுத்துகிறார்களாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை,
மயிலாடுதுறை.